மின்சாரக் காரில் புதிய சவுண்ட் சிஸ்டம்: வயரைத் தொடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கம்ப்யூட்டருக்கு 2.1 ஸ்பீக்கர் செட் வாங்கி வந்து இணைப்பது ஐந்து நிமிட வேலை. பச்சை நிறத் துளையில் ஜாக்கைச் செருகி, ஸ்பீக்கரின் பிளக்கைச் சுவரில் மாட்டினால் பாட்டு கேட்கலாம். தவறான துளையில் செருகினாலும் சத்தம் வராது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது.

மின்சாரக் கார் வாங்கியவர்களில் பலரும் சில மாதங்களில் இதே ஆசைக்கு வருகிறார்கள். எஞ்சின் இரைச்சல் இல்லாத காருக்குள் கம்பெனி கொடுத்த ஸ்பீக்கர்களின் குறை பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. கார் ஆக்சஸரீஸ் கடைகளில் இந்த வேலை பழக்கமானதுதான். ஆனால் பெட்ரோல் காரில் செய்தது போலவே மின்சாரக் காரிலும் செய்யலாம் என்று நினைப்பது தவறு. மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறோம், ஸ்குரூவை எங்கே முடுக்குகிறோம் என்ற இரண்டு விஷயங்களில் இங்கே விதிகள் வேறு. கடைக்குப் போகும் முன் அவற்றைத் தெரிந்துகொள்வோம்.

ஒரு காருக்குள் இரண்டு பேட்டரிகள்

உங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்புறம் உள்ள எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, மதர்போர்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது அதன் வேலை. 230 வோல்ட்டை நேரடியாக மதர்போர்டில் கொடுக்க யாரும் நினைப்பதில்லை.

மின்சாரக் காரிலும் இதே அமைப்பு உண்டு. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரி பெரும்பாலான கார்களில் சில நூறு வோல்ட் கொண்டது. ஹெட்லைட், ஹார்ன், வைப்பர், டச் ஸ்கிரீன் எல்லாம் இயங்குவது 12 வோல்ட்டில். இடையில் எஸ்.எம்.பி.எஸ். செய்யும் வேலையை டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் என்ற கருவி செய்கிறது. கூடவே, பெட்ரோல் காரில் இருப்பது போன்ற ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியும் இருக்கிறது. கார் ஓடும்போது கன்வெர்ட்டர் அதைச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது எதற்கு இந்தச் சின்ன பேட்டரி என்று கேட்கலாம். காரை நிறுத்தியதும், பாதுகாப்புக்காகப் பெரிய பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். இதற்காகக் காண்டாக்டர் எனப்படும் பெரிய ரிலேக்கள் உள்ளே இருக்கின்றன. மீண்டும் காரை இயக்க நீங்கள் பட்டனை அழுத்தும்போது காரின் கம்ப்யூட்டர்கள் விழிப்பதும், அந்த ரிலேக்கள் இணைவதும் 12 வோல்ட் பேட்டரியின் சக்தியால்தான்.

ஆகவே சின்ன பேட்டரி இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் 100 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் கார் நகராது. பல கார்களில் சார்ஜரைச் செருகினாலும் சார்ஜ் ஏறாது. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நாம் இணைக்கப்போகும் ஆம்ப்ளிஃபயர் மின்சாரம் எடுக்கப்போவது இந்தச் சின்ன பேட்டரியின் பக்கத்திலிருந்துதான்.

எல்லா மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் ஈய பேட்டரிதான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. டெஸ்லா நிறுவனம் 2021-ல் இந்தச் சின்ன பேட்டரியை லித்தியம் வகைக்கு மாற்றத் தொடங்கியது. 2023-ல் வெளிவந்த அதன் சைபர்டிரக்கில் 48 வோல்ட் அமைப்பைக் கொண்டுவந்தது. எனவே ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் காரின் கையேட்டைப் பார்த்து வோல்ட்டேஜை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரேஞ்ச் குறையுமா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கால்குலேட்டர் என்று தேடினாலே வந்துவிடும்.

2022-ல் வெளிவந்த டாடா டியாகோ இ.வி.யை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பேட்டரி வகை 24 கிலோவாட்-மணி, அதாவது 24,000 வாட்-மணி கொண்டது. ஒரு கிலோமீட்டருக்கு 120 வாட்-மணி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் 24,000 ÷ 120 = 200 கி.மீ. ஓடும். மணிக்குச் சராசரி 50 கி.மீ. வேகத்தில் போனால் அது 4 மணி நேரப் பயணம்.

300 வாட் ஆம்ப்ளிஃபயர் என்றால் அது எந்நேரமும் 300 வாட் எடுப்பதில்லை. பாட்டில் டிரம் அடிக்கும் கணத்தில் மட்டுமே உச்சத்தைத் தொடும். சராசரி அதைவிட மிகவும் குறைவு. நல்ல சத்தமாகவே கேட்டு, சராசரியாக 90 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரத்துக்கு 360 வாட்-மணி. இதை 120-ஆல் வகுத்தால் 3 கி.மீ. அதாவது, 200 கி.மீ. பயணத்தில் நீங்கள் இழப்பது 3 கி.மீ. மட்டும். இதே 4 மணி நேரத்தில் ஏ.சி. சராசரியாக 1 கிலோவாட் எடுத்தால் 33 கி.மீ. போய்விடும்.

ஆகவே ரேஞ்ச் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது கார் ஓடாமல் நிற்கும்போது.

தூங்காத ஆம்ப்ளிஃபயர்

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்த பிறகும் ஸ்பீக்கரின் சிறு விளக்கு எரிந்துகொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டில் அதனால் பெரிய நஷ்டமில்லை. காரில் நிலைமை வேறு.

ஆம்ப்ளிஃபயருக்குப் பெரிய பவர் வயர் எப்போதும் 12 வோல்ட் பேட்டரியோடு இணைந்திருக்கும். அதை ஆன், ஆஃப் செய்வது ரெம் என்று குறிக்கப்பட்ட ரிமோட் முனை. அந்த மெல்லிய வயரில் 12 வோல்ட் வந்தால் ஆம்ப்ளிஃபயர் விழிக்கும், இல்லையென்றால் தூங்கும். பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் வயரைத் தேடி இதை இணைத்துவிடுவார்கள். பல மின்சாரக் கார்களில் திருப்பும் சாவியே இல்லை. கதவைப் பூட்டிய பிறகும் காரின் சில பகுதிகள் சிறிது நேரம் விழித்திருக்கும். தவறான வயரில் இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் தூங்கவே தூங்காது.

விளைவைக் கணக்கிடுவோம். சின்ன பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொண்டது, பாட்டு இல்லாமல் விழித்திருக்கும் ஆம்ப்ளிஃபயர் 1 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மணி நேரத்தில் பேட்டரி முற்றிலும் காலி. வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு நிறுத்திய கார் ஞாயிறு காலை 8 மணிக்கு எழுந்திருக்காது. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுளும் குறைந்துவிடும். சில கார்கள் நிற்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரியைத் தானாகச் சார்ஜ் செய்துகொள்ளும். எல்லாக் கார்களும் அப்படிச் செய்வதில்லை.

ஆரஞ்சு வயரும் காரின் தரையும்

மின்சாரக் காரில் உயர் மின்னழுத்த வயர்களின் மேலுறை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். டி.சி. மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்டதை உயர் மின்னழுத்த வகையாகக் கருதுகிறார்கள். இந்தியாவின் ஏ.ஐ.எஸ்.-038 தரநிலை இந்த நிறத்தை வலியுறுத்துகிறது. ஆரஞ்சு நிற வயர், அது போய்ச் சேரும் பெட்டி, அதன் கனெக்டர் எதையும் தொடக்கூடாது. அதில் கட்டுக்கம்பியோ டேக்கோ போட்டு நம் வயரைச் சேர்த்துக் கட்டவும் கூடாது. பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக் பயிற்சி பெற்றவர்களுக்கானது. சவுண்ட் சிஸ்டம் வேலைக்கு அதைத் தொட வேண்டிய தேவையே வராது.

அடுத்தது இன்னும் முக்கியமானது. பெட்ரோல் காரில் ஆம்ப்ளிஃபயரை சீட்டுக்கு அடியில் வைத்து, தரைத் தகட்டில் நேரடியாக செல்ஃப் டேப்பிங் ஸ்குரூ முடுக்குவது கடைகளில் வழக்கம். மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி பெரும்பாலும் அந்தத் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. அதன் குளிர்விப்புக் குழாய்களும் உயர் மின்னழுத்த வயர்களும் அந்தப் பகுதியில் போகலாம். அங்கே டிரில் பிட் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டியாகோ இ.வி. அறிமுகமானபோது அதன் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தரப்பட்டது. நாமே துளையிட்டுச் செய்த சேதத்துக்கு எந்த வாரண்டியும் உதவாது.

எனவே தரையில் துளையே வேண்டாம். ஆம்ப்ளிஃபயரை ஒரு பிளைவுட் பலகையில் பொருத்தி, ஏற்கெனவே காரில் உள்ள சீட் போல்ட்டிலோ டிக்கியில் உள்ள கொக்கியிலோ பட்டை போட்டு நிறுத்தலாம்.

என்ன வாங்குவது?

சென்னையில் ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற சொல் பழக்கம். சின்னஞ்சிறு ஸ்பீக்கர் பெட்டியில் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருப்பார்கள். அது விளம்பரக் கணக்கு. கார் ஆக்சஸரீஸுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனாலும் அட்டையில் பெரிய எண்தான் முதலில் கண்ணில் படும். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் என்ற எண்ணை மட்டும்.

ஆம்ப்ளிஃபயர்: கிளாஸ்-டி வகையைக் கேளுங்கள். எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகும். பழைய ஏ-பி வகையில் ஏறக்குறைய பாதி வெப்பமாக வீணாகும்.

ஸ்பீக்கர்: கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம் கொண்டவை. ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பதைப் பார்த்து அதற்கு ஏற்றதை வாங்குங்கள்.

டச் ஸ்கிரீன்: இதை மாற்ற வேண்டாம். மின்சாரக் கார்களில் ரிவர்ஸ் கேமரா, சார்ஜ் நேர அமைப்பு, காரின் செட்டிங்குகள் எல்லாம் இதோடு பின்னியிருக்கும். சில கார்களில் எச்சரிக்கை ஒலிகளும் கார் ஸ்பீக்கர் வழியாகவே வருகின்றன. ஒரிஜினலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் ஸ்பீக்கர் வெளியீட்டை ஹை-லெவல் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதே நல்ல வழி.

கப்ளர்: உங்கள் கார் மாடலுக்குப் பொருந்தும் கப்ளர்-டு-கப்ளர் வயரிங் கேட்டு வாங்குங்கள். யு.எஸ்.பி. கேபிள் போலச் செருகினால் போதும், கம்பெனி வயரை வெட்ட வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

டாம்பிங் ஷீட்: எஞ்சின் சத்தம் இல்லாததால் டயர் இரைச்சல் அதிகமாகக் கேட்கும். கதவுகளின் உட்புறம் இந்த ஷீட் ஒட்டினால் இரைச்சல் குறையும், பேஸ் கூடும். பட்ஜெட் குறைவு என்றால் நான்கு ஸ்பீக்கரும் டாம்பிங் ஷீட்டும் மட்டும் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரே தேவைப்படாமல் போகலாம்.

வயரும் ஃபியூஸும்

நான்கு சேனல், ஒவ்வொன்றும் 75 வாட் ஆர்.எம்.எஸ். என்று ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறோம். மொத்தம் 300 வாட். 80 சதவீதத் திறன் என்றால் 300 ÷ 0.8 = 375 வாட் எடுக்கும். கார் இயங்கும்போது இருக்கும் சுமார் 13.5 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 28 ஆம்பியர். எனவே 30 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

5 மீட்டர் நீளத்துக்கு 8 கேஜ் செம்பு வயர், அதாவது சுமார் 8.4 சதுர மி.மீ., போட்டால் 28 ஆம்பியரில் வீணாவது சுமார் 0.3 வோல்ட். காசை மிச்சப்படுத்த 16 கேஜ் வயர் போட்டால் 1.8 வோல்ட் வீணாகும். அது வயரிலேயே 50 வாட் வெப்பமாக மாறும். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் வைத்தது போலத்தான்.

விலை குறைந்த வயரிங் கிட்டுகளில் பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் இருக்கும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதே கனத்துக்குச் செம்பின் 3-ல் 2 பங்கு அளவே மின்சாரம் கடத்தும்.

ஃபியூஸ் 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரை மட்டுமே காக்கும். வழியில் வயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது பேட்டரி அருகே உள்ள இந்த ஃபியூஸ்தான்.

பொருத்தும் முறை

1. கார் சார்ஜரில் இருக்கக்கூடாது. ஆஃப் செய்து, சாவியைக் காரிலிருந்து தள்ளி வையுங்கள். கையேட்டில் சொன்ன நேரம் வரை காத்திருந்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் கதவு பேடையோ சீட் வயரையோ கழற்றினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியலாம்.

2. பவர் வயரை ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட் வழியாக உள்ளே கொண்டு வாருங்கள். கர்ட்டன் ஏர்பேக் உள்ள தூண்களின் வழியே எந்த வயரும் போகக்கூடாது.

3. பவர் வயர் ஒரு பக்கம் என்றால் சிக்னல் வயர் மறுபக்கம் போகட்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். ஆரஞ்சு வயர் போகும் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் விசில் போன்ற ஒலி கேட்கலாம்.

4. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய பாடி உலோகத்தில், ஏற்கெனவே உள்ள போல்ட்டில் இணையுங்கள். சீட் பெல்ட் போல்ட் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் நேரடியாக இணைக்க வேண்டாம். பல கார்களில் அங்கே மின்சாரத்தை அளக்கும் சென்சார் உள்ளது. அதைத் தாண்டி இணைத்தால் காரின் கணக்கு தவறும்.

5. ரெம் வயருக்கு, டச் ஸ்கிரீன் ஆஃப் ஆகும்போது தானும் ஆஃப் ஆகும் வெளியீட்டைப் பயன்படுத்துங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், சிக்னல் வந்தால் மட்டும் தானே விழிக்கும் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயரை வாங்குங்கள்.

6. எல்லா இணைப்பும் முடிந்த பிறகே ஃபியூஸைப் போட்டு, நெகட்டிவ் முனையைக் கடைசியாக மாட்டுங்கள்.

கம்ப்யூட்டரின் உதவியோடு கெயின் அமைத்தல்

கெயின் என்பது வால்யூம் அல்ல. அதை முழுவதும் திருப்பிவிட்டால் ஒலி கிழிந்து, ஸ்பீக்கரின் காயில் கருகிவிடும். காதால் ஊகிப்பதை விட அளந்து வைப்பது நல்லது. இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் போதும்.

ஆடாசிட்டியைத் திறந்து ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வேவ்ஃபார்ம் சைன், ஃப்ரீக்வென்ஸி 300, ஆம்ப்ளிட்யூட் 1, நேரம் 60 விநாடி என்று கொடுத்து உருவாக்குங்கள். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் மூலம் வேவ் ஃபைலாகச் சேமித்து பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள்.

வேண்டிய வோல்ட்டேஜ் என்பது வாட்டையும் ஓமையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். 75 × 4 = 300. கால்குலேட்டரில் அதன் வர்க்கமூலம் 17.3. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, கெயினை முழுவதும் குறைத்து, டச் ஸ்கிரீனில் பேஸ், ட்ரெபிளை நடுவில் வைத்து, முக்கால் வால்யூமில் அந்த ஃபைலை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் அளந்தபடி கெயினை மெதுவாக ஏற்றுங்கள். 17 வோல்ட்டில் நிறுத்துங்கள். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். எண் 75-ஐ விடக் குறைவு என்றால் அந்தச் சிறிய எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். சப்-வூஃபரும் இருந்தால், கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிடலாம்.

கடைசிச் சோதனை

காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் இதை அவசியம் செய்யுங்கள். கடைக்காரர் செய்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பாட்டை நிறுத்தி, காரைப் பூட்டி, அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரின் விளக்கு அணைந்திருக்க வேண்டும். ரெம் முனையில் மல்டிமீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். டிக்கியைத் திறந்தால் சில கார்கள் விழித்துக்கொள்ளும் என்பதால் ஆம்ப்ளிஃபயரைக் கண்ணாடி வழியே பார்க்க முடிந்தால் நல்லது. மீட்டர் வயரை முன்பே மாட்டி வைத்துக்கொள்ளலாம். அடுத்து, காரின் எல்லா எச்சரிக்கை ஒலிகளும் முன்பு போல வருகின்றனவா, டாஷ்போர்டில் புதிய விளக்கு எதுவும் எரிகிறதா என்று பாருங்கள்.

வேலையைக் கடையில் கொடுப்பவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

தரையில் துளை போடுவீர்களா?
கம்பெனி வயரை வெட்டுவீர்களா?
ஃபியூஸ் எங்கே வரும்?
ரெம் வயரை எங்கிருந்து எடுப்பீர்கள்?

முதல் இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வர வேண்டும். பின் இரண்டுக்கும் காரில் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டத் தயங்கும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் வயர் போகும் பாதையை மொபைலில் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் சேமித்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டாலும், பின்னாளில் காரை விற்றாலும் அது உதவும்.